விரற்கடை உயரம்

குதிகால் மட்டும் எழுந்தது. விரல்கள் வலையை விடவில்லை.

எட்டு. ஒன்பது. பத்து.

ஹாலின் நடுவே வட்டமாக, முழங்கால் உயரத்துக்குக்கூட வராத, ஏறி நின்று குதிக்க வலை கட்டிய சின்ன டிராம்போலின். எலும்புக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, தூக்கம் நன்றாக வரும் என்று அதன் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது.

அவளுக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் இல்லை.

மகள் அமுதினி பிறந்த பிறகு அவள் குதித்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில்லை. தும்மல் வந்தால் கால்களைப் பின்னிக்கொள்வாள். சிரிப்பு வந்தாலும் அப்படித்தான். பின்னிக்கொண்டும் சில நாள் கசிந்து உடை நனைந்துவிடும்.

நான்கு வருடமாகக் கறுப்பு பேன்ட்தான்.

போன வருடம் மகளின் பள்ளியில் அம்மாக்களுக்குச் சாக்கு ஓட்டம் வைத்தார்கள். கால் வலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். இந்த வருடக் கடிதம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பெயர் எழுதும் இடம் காலி.

பிசியோதெரபிஸ்ட் பெனசீரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அவர் வியக்கவே இல்லை. படுத்தபடி, உட்கார்ந்தபடி, நின்றபடி அடிவயிற்றுக்குக் கீழே தசையை இறுக்கவும் தளர்த்தவும் பழக்கினார். பன்னிரண்டு வாரம். ஒரு நாள் விடாமல் காலண்டரில் டிக் போட்டாள். சரியாகத்தான் செய்கிறோமா என்ற சந்தேகத்தையும் ஒரு நாள் விடவில்லை.

இன்று பாதங்களை எடுக்கலாம் என்று பெனசீர் சொல்லியிருந்தார்.

மாலை வெயில் வலையில் விழுந்திருந்தது. பாத்ரூமுக்கு இரண்டு முறை போய் வந்தாயிற்று.

மூச்சை விட்டாள். தசையை இறுக்கினாள்.

பாதங்கள் வலையை விட்டன.

திரும்ப வந்தன.

அசையாமல் நின்றாள், அடுத்த அறையில் ஏதோ சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பவள்போல.

ஒன்றுமில்லை.

இறங்கிப் போய்க் காலண்டரில் எழுதினாள். ஒரு குதி. நனையவில்லை.

கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

சோபாவில் முறுக்கு தின்றுகொண்டிருந்த அமுதினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இவ்ளோதானா? இதப் பாத்தா தவளை சிரிக்கும்மா."

தவளைக்கு முன்னால் அவள் சிரித்துவிட்டாள். வயிறு குலுங்க, கண்ணில் நீர் முட்ட. பேனா கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

எடுக்கக் குனிந்தபோதுதான் கால்களைப் பார்த்தாள்.

பின்னிக்கொள்ளாமல், தனித்தனியே நின்றிருந்தன.

பேனாவை மூடாமலே ஃபிரிட்ஜ் பக்கம் நடந்தாள்.