ஆந்தையின் காற்று அறிவிப்பு

ஓசோன் என்பது வானத்தின் உச்சியில் நின்று நமக்குக் குடை பிடிக்கும் நல்ல வாயு என்றே பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பெரும்பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. லாரிப் புகை உச்சி வெயிலில் வெந்தால் அதே ஓசோன் தரையருகிலும் பிறந்து நெஞ்சை அறுக்கும்.

நெடுஞ்சாலையோரப் புளியமரத்தில், மறுநாள் காற்று எப்படி இருக்கும் என்று அறிவிக்கும் பதவி ஆந்தையிடம் இருந்தது. அதே மரத்தில் வசித்த மைனாவின் குஞ்சுக்கு இளைப்பு நோய். அது இன்னும் பறக்கத் தொடங்கவில்லை.

ஒருநாள் அந்தியில் மைனா கேட்டது: "ஆந்தையாரே, காலையில் வல்லூறு சுற்றுகிறது. நாளை மத்தியானம் குஞ்சைப் பறக்கவிடலாமா?"

"தாராளமாக! மழையில் நுண்தூசி அடங்கிவிட்டது. ஓசோன் மருந்துக்குக்கூட இல்லை. நேற்று இரவு முழுக்க நானே மூச்சிழுத்துப் பார்த்தேன்."

"நான் கேட்பது மத்தியானக் காற்றை."

"மத்தியானம் நான் பொந்துக்குள் தூங்குவேன் அம்மா. மூச்சு முட்டி ஒருநாளாவது விழித்திருப்பேனா?"

"பொந்துக்கு வெளியே?"

"அங்கிருந்து இதுவரை எந்தப் புகாரும் என்னை எழுப்பியதில்லை. பதவியில் இருப்பது நீயா, நானா?"

மைனா கூட்டுக்குத் திரும்பி, நாளை மத்தியானம் பறக்கலாம் என்று குஞ்சிடம் சொன்னது.

மறுநாள் உச்சி வெயிலில் கிளம்பிய குஞ்சு, சாலையைக்கூடத் தாண்டாமல் மூச்சிரைத்துப் புதரில் விழுந்தது. பொழுது சாயும்வரை அதனால் எழ முடியவில்லை. மைனா ஆந்தையின் பொந்தைத் தட்டித் தட்டிக் கத்தியது.

அன்று மாலை அறிவிப்பு வெளியானது: "நாளை காற்று நன்று, மைனாக்கள் நீங்கலாக."