நேர்மையாகத் தோற்றவன்

"பிள்ளை, உந்தக் கொம்பியூட்டரை இஞ்சாலை திருப்பு. அந்தப் பெடியன் கள்ளனோ நல்லவனோ எண்டு இண்டைக்குத் தெரிஞ்சிடும்" என்றார் இராஜரட்ணம்.

நிரூபா திரையை அப்பா பக்கம் திருப்பினாள். 'அந்தப் பெடியன்' வேறு யாருமில்லை, மொன்றியலில் வேலை பார்க்கும் றொய்சன். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவன்.

போன மாரியில் டோர்செட் பார்க்கிலுள்ள அவர்களின் அப்பார்ட்மென்டுக்கு அவன் பெண் கேட்டு வந்தபோது, சமயம் என்ன, சம்பளம் என்ன என்று இராஜரட்ணம் ஒன்றும் கேட்கவில்லை.

"செஸ் தெரியுமோ?" என்றார்.

"ஓம் அங்கிள்."

"அப்ப தபாலிலை என்னோடை ஒரு ஆட்டம் விளையாடும். பிறகு கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம். ஆனா கொம்பியூட்டரிட்டைக் கேட்டு விளையாடினது தெரிஞ்சுதோ, கலியாணமும் இல்லை, ஒண்டும் இல்லை."

அன்றிலிருந்து போஸ்ட்காட்டுகள் போயின, வந்தன. ஒரு காட்டுக்கு ஒரு நகர்த்தல். பனி கரைந்து கோடையும் வந்துவிட்டது. நேற்று வந்த காட்டில் றொய்சன் தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தான்.

"அவர்தான் தோத்துப்போனாரே அப்பா. பிறகென்ன சோதனை?"

"தோக்கிறவனும் கள்ளம் செய்வான். நடுவிலை எங்கையாவது கேட்டிருப்பான்."

கொம்பியூட்டர் உதவியோடு விளையாடலாம் என்று தான் இருந்த தபால் செஸ் கழகம் முடிவெடுத்த அன்றே கோபித்துக்கொண்டு விலகியவர் இராஜரட்ணம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"கேட்டால்தான் என்ன?" குசினியிலிருந்து அம்மா சந்திரவதனாவின் குரல் வந்தது. "புத்தகத்தைப் பாத்து விளையாடலாமாம், கொம்பியூட்டரைப் பாத்தால் மட்டும் குற்றமாம். நான் பிளென்டரிலை அரைச்ச சம்பலை, அம்மியிலை அரைக்கேல்லை எண்டு நீங்கள் தள்ளியோ வைக்கிறியள்?"

"சம்பல் வேறை, செஸ் வேறை. புத்தகத்தைப் படிச்சாலும் யோசிக்கிறது நான். கொம்பியூட்டரைக் கேட்டால் யோசிக்கிறது அது. பிறகு காட்டிலை கையெழுத்துப் போட நான் என்னத்துக்கு? ஒருத்தரும் பாக்காத இடத்திலையும் ஒழுங்கா இருக்கிறவனுக்குத்தான் என்ரை பிள்ளை."

சந்திரவதனா சட்டியைக் கழுவத் தொடங்கினாள்.

"செஸ் புரோகிராமை எந்த லெவலிலை வைக்கிறது அப்பா?" நிரூபா மெல்லக் கேட்டாள்.

"உச்சத்திலை வை. கள்ளன் உச்சத்திலைதான் வைப்பான்."

அவள் உச்சத்தில் வைத்தாள். இராஜரட்ணம் காட்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்க, நிரூபா திரையில் காய்களை நகர்த்தினாள். அந்த இடத்தில் கொம்பியூட்டர் என்ன செய்யும், றொய்சன் என்ன செய்தான் என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"கொம்பியூட்டர் என்ரை குதிரையை வெட்டச் சொல்லுது. இவன் மூலையிலை கிடந்த சிப்பாயைத் தள்ளியிருக்கிறான்!"

அடுத்ததும் பொருந்தவில்லை. அதற்கடுத்ததும் இல்லை.

"இதைப் பார், ராணியைச் சும்மா தூக்கித் தந்திருக்கிறான், விசரன்!"

திட்டத் திட்ட அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசிக் காட்டைக் கீழே வைத்தபோது கண் கலங்கிவிட்டது.

"இப்பிடி மோட்டு விளையாட்டு ஒரு மெசினாலையும் விளையாடேலாது பிள்ளை. மனிசனாலைதான் ஏலும். கலியாணமே நிண்டு போகுமோ எண்ட பயத்திலையும் கள்ளம் செய்யாமல் தோத்திருக்கிறான். தங்கமான பெடியன்!"

"அப்ப ஓமோ அப்பா?"

"ஓம், ஓம். தாய் தேப்பனைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வரச் சொல்லு. சேர்ச்சோ கோயிலோ, வந்த பிறகு கதைப்பம். முதல் நேரிலை இருந்து ஒரு ஆட்டம். நான் செஸ் போட்டிலை காயளை அடுக்கி வைக்கிறன்."

சந்திரவதனா சிரித்தபடி பாயசத்துக்குச் சவ்வரிசியைத் தேடினாள். நிரூபா கோட்லெஸ் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"றொய்சன், அப்பா ஓமெண்டிட்டார்! சனிக்கிழமை அம்மா அப்பாவோடை வரட்டாம். உங்களோடை நேரிலை ஒரு ஆட்டம் விளையாட வேணுமாம்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"மாதாவே! நிரூபா, நீர் சொன்ன மாதிரிக் கடைசி வரைக்கும் கொம்பியூட்டரை முதலாம் லெவலிலையே வைச்சிருந்தது நல்லதாப் போச்சு" என்ற றொய்சனின் குரல் சட்டென்று இறங்கியது. "பொறும் நிரூபா, நேரிலையோ? அப்ப முதல் இதைச் சொல்லும். இந்தக் குதிரை எந்தப் பக்கத்தாலை போகும்?"