கதவிடுக்கில் ஒரு செருப்பு

குழந்தைகள் மனநல ஆலோசகரின் ஒற்றைச் செருப்பு அறைக் கதவிடுக்கில் செருகியிருக்கிறது. வீடு தீப்பிடித்த நாளிலிருந்து, கதவைச் சாத்தினாலே இந்தச் சிறுமிக்கு மூச்சு முட்டுகிறது. அதனால் அவள் வரும்போதெல்லாம் ஆலோசகருக்கு ஒரு கால் வெறுங்கால்தான். சன்னல் வெயில் பொம்மை வீட்டின் கூரையில் விழுகிறது. உள்ளே துணிக்கரடியைப் படுக்கவைத்து, கைக்குட்டையால் கழுத்துவரை போர்த்துகிறாள் சிறுமி. வெளியே பெஞ்சில் அவள் அம்மா போனில் பேசுவது கேட்கிறது. "ஒரு மாற்றமும் இல்லக்கா. இன்னும் அப்படியேதான் இருக்கா." சிறுமி எழுந்து போய், செருப்பை எடுத்துவந்து ஆலோசகரின் வெறுங்காலருகே வைக்கிறாள். "கரடி தூங்குது ஆன்ட்டி. அம்மா சத்தமா பேசுறாங்க." கதவைச் சாத்துகிறாள். ஆலோசகர் மூச்சைக்கூட மெல்ல விடுகிறார். வெளியே பேச்சு பாதியில் நிற்கிறது. கதவுக்கடியில் தெரியும் வெளிச்சக் கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து, தட்டாமல், அங்கேயே நிற்கிறது.