துணைக்கு வந்தவர்

“போன வாரம் இடது கால். இன்னிக்கு வலது கால். கவனிச்சியா?”

படகோட்டி செகுந்தோவிடம் கிசுகிசுத்தாள் மிரேயா. சிலோயே தீவுகளிலிருந்து நோயாளிகளை நகரத்து ஆஸ்பத்திரிக்கு இலவசமாகக் கூட்டிப்போகும் படகு அது. மொத்தமே பன்னிரண்டு இடம். யாருக்கு இடம் என்று முடிவு செய்வது மிரேயாதான்.

எர்மிந்தா நொண்டி நொண்டி ஏறினாள். துணைக்கு வரும் கணவர் லௌதாரோ அவளைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார்.

கரையில், கண் ஆபரேஷனுக்கு இரண்டு மாதமாகக் காத்திருக்கும் மீனவர் ஒருவர், “அடுத்த வாரமாவது இடம் இருக்குமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மிரேயா எர்மிந்தாவின் பக்கம் திரும்பினாள்.

“வலி எப்படி இருக்கு, எர்மிந்தாக்கா?”

“உயிர் போகுது, மிரேயா!”

உயிர் போகிறவள் பன்றிக்கறி வைத்த உருளைக்கிழங்கு அடை இரண்டை உள்ளே தள்ளினாள்.

ஆஸ்பத்திரியில் மிரேயா அவர்களைப் பின்தொடர்ந்தாள். லௌதாரோ கழிப்பறைப் பக்கம் ஒதுங்கியதுதான் தாமதம், எர்மிந்தா மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

‘நல்லா மாட்டினே!’

திரும்பும்போது எர்மிந்தா தூங்கிவிட்டாள். மிரேயா லௌதாரோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஐயா, உங்க வீட்டம்மாவுக்கு ஒரு நோயும் இல்ல. அத்தனையும் நடிப்பு. மாடிப்படியில தாவி ஓடினதை என் கண்ணால பார்த்தேன். ரெண்டு இடத்தை அடைச்சுக்கிட்டு ஊர் சுத்தப் போறீங்களா? அடுத்த வாரம் பேரை அடிச்சிடுவேன்.”

லௌதாரோ தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி மனைவிக்குப் போர்த்தினார்.

“மெதுவாப் பேசு தாயி. அவ நடிக்கிறான்னு முதல் நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா கூட வர்றீங்க?”

“நோயாளி நான்தான். ஆஸ்பத்திரின்னு சொன்னா நான் படகே ஏறமாட்டேன்னு டாக்டரும் இவளுமாச் சேர்ந்து பண்ணின ஏற்பாடு. ‘துணைக்கு வர்றவருக்கும் தெம்பு வேணும்’னு சொல்லி, வாராவாரம் மருந்து ஏத்துறது எனக்குத்தான். இதுகூடவா எனக்குப் புரியாது?”

மிரேயாவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

“அப்போ அக்காகிட்ட சொல்லிடலாமே ஐயா?”

“சொன்னா நடிக்கிறதை விட்டுடுவா, தாயி. அழ ஆரம்பிச்சிடுவா.”