நன்மை வரிசையில் சம்பந்தி

உப்பளத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசை நடக்கிறது. குவித்த உப்பில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்து, பீடத்து மெழுகுவர்த்திகள் எரிகின்றனவா இல்லையா என்று கேட்க வைக்கிறது. நன்மை, அதாவது ஆண்டவரின் உடலான அப்பம், வாங்கும் வரிசையில் மேரிசெல்வி நிற்கிறாள். உப்பு வாரும் கையால் ஆண்டவரைத் தொடுவதா என்று நாக்கில் மட்டுமே வாங்குகிறவள்; அவள் நாக்கை நீட்டினால் பக்கத்து ஊரான கூனிமேட்டிலிருந்தே தெரியும். இன்று பேரனுக்கு ஞானஸ்நானம். அவளுக்குப் பின்னால் சம்பந்தி ஜெபமணி, ஏழு தலைமுறையாகப் புராட்டஸ்டன்ட், சி.எஸ்.ஐ. சபை; வேறு சபைக்காரர்களுக்கு இங்கே நன்மை கிடையாது. இந்தம்மா கையை நீட்டி, ஃபாதர் ஊர் முன்னால் இல்லையென்று சொல்லிவிட்டால், மதியப் பிரியாணியை ஒருவரும் தொட மாட்டார்கள். இரண்டு குடும்பமும் நியாயத் தீர்ப்பு நாள் வரைக்கும் முகம் பார்க்காது. மேரிசெல்வி திரும்பிக் கிசுகிசுக்கிறாள்: “சம்பந்தி, நீங்க உக்காந்துக்குங்களேன். இங்க உங்களுக்குக் குடுக்க மாட்டாங்க.” “தெரியும். நான் அத வாங்க வரல.” “அப்புறம் எதுக்கு வர்றீங்க?” “எங்க சர்ச்சுல கையிலதான் வாங்குறோம், ஏசு ஒண்ணும் கோச்சிக்கல. நீங்க முன்னாடி பாருங்க.” மேரிசெல்வி முன்னால் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி அந்த இரண்டு கைகளையும் போலீஸ்காரியைப் போலக் காவல் காக்கிறாள். கால்கள் மட்டும் தாமாக நகர்ந்து ஃபாதர் முன் போய் நிற்கின்றன. ஜெபமணியின் கைகள் மேலே எழுகின்றன. ஆசீர்வாதம் மட்டும் கேட்கிறவர்களைப் போல நெஞ்சின் மேல் குறுக்காக மடிகின்றன, தலை குனிகிறது. மேரிசெல்விக்குத் திறந்த வாய் மூடவில்லை. “கிறிஸ்துவின் திருவுடல்” என்கிறார் ஃபாதர் அவளிடம். அவள் பதிலுக்காக அப்பத்தை உயர்த்திப் பிடித்தபடி மறுபடியும் சொல்கிறார். வரிசையே காத்து நிற்கிறது. குனிந்த தலை நிமிராமல் ஜெபமணி மெதுவாகச் சொல்கிறாள்: “ஆமென் சொல்லுங்க, சம்பந்தி.”