புழு ஏறாத குட்டி

"இவளைத்தான் சார் விசாரிக்கணும். ஊசி போடக்கூடாத குட்டிக்குத் திருட்டுத்தனமா ஊசி போட்டிருக்கா!"

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை மேஜையில் அறைந்த வேகத்தில் இயக்குநரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. கதவோரம் நின்ற, ஆடுகளைப் பராமரிக்கும் கொட்டில்காரம்மா ஓடி வந்து அதை எடுத்து வைத்தாள்.

"போடலைங்க ஐயா."

விஷயம் இதுதான். நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போனால் ஆட்டின் ஈரலில் நீர்க்கட்டி வரும். அதற்கொரு தடுப்பூசிச் சோதனை. சில குட்டிகளுக்கு மட்டும் ஊசி போட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் புழு முட்டையைக் கொடுத்திருந்தார்கள். போட்ட குட்டிகளுக்குக் கட்டி வரக்கூடாது, போடாததற்கு வரணும். போடாத குட்டி ஒன்றின் ஈரலோ துடைத்து வைத்த மாதிரி சுத்தம்!

"மருந்து எதுவும் குறையலையேம்மா?" என்றார் இயக்குநர்.

"குப்பியில மிஞ்சினதைச் சேர்த்து வச்சிருப்பா. தாயில்லாக் குட்டின்னு அதுமேல தனிச் செல்லம் வேற. இரக்கத்தைச் செருப்போட வெளியில விட்டுட்டு வான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? மொதல்ல இவளை வேலையை விட்டு அனுப்புங்க சார்."

கொட்டில்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் இவள் சம்பளம் வந்தால்தான் அடுப்பு எரியும்.

இயக்குநர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயில்லாக் குட்டியா? அப்போ பிறந்ததும் எந்தப் பாலைக் குடிச்சுது?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"கொட்டில் மூலையில நிக்குமே கிழட்டு ஆடு, அதுவும் அன்னைக்குத்தான் குட்டி போட்டிருந்துச்சு. அதோட சீம்பால்ங்க ஐயா" என்றாள் கொட்டில்காரம்மா.

"அடடே! இந்தப் புழு எப்பவோ தாக்கி, தானே எதிர்த்து நின்னு ஜெயிச்ச ஆடாச்சே அது! அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியா குட்டிக்கு இறங்கியிருக்கு. ஊசியும் இல்லை, திருட்டும் இல்லை. இந்த ஒரு குட்டியைக் கணக்குல சேர்க்காம விட்டாப் போச்சு." பெருமூச்சு விட்டவர் சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா, யாரைக் கேட்டு அந்தப் பாலைக் கொடுத்தாங்க?"

"நான்தாங்க ஐயா கொடுத்தேன். பசியில கத்துச்சு, மனசு கேக்கலை."

"அவ பொய் சொல்றா சார்." டாக்டரம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது. "அன்னைக்கு அவ லீவு. கொடுத்தது... நான். கொடுத்ததை எழுதி வைக்காததும் நான்தான்."

இயக்குநர் சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது.

வெளியே வந்ததும் டாக்டரம்மா கொட்டில்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னைத் திருடின்னு சொன்னவளுக்காக எதுக்கு நீ பழியை ஏத்துக்கிட்டே?"

"இரக்கம் கூடாதுன்னு ஊரையே விரட்டுற நீங்க, அங்க தலைகுனிஞ்சு நிக்கிறதை என்னால பாக்க முடியலைம்மா."

"நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கொட்டில்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மறுநாள் வந்தா, உங்க மேஜைக்கு அடியில பால் நாத்தத்தோட கழுவாத புட்டி ஒண்ணு! இரக்கப்படுற அவசரத்துல யாரும்மா ஏனத்தைக் கழுவி வச்சிட்டுப் போறாங்க?"