சேற்றின் ஏப்பம்

“பாத்தியா, மறுபடியும் ஏப்பம்!” என்று கத்தியது பெட்டி.

கழிமுகத்துத் தண்ணீரில் கவிழ்ந்து மிதந்தபடி, அடியில் கிடக்கும் சேறு எவ்வளவு வாயு விடுகிறது என்று அளப்பதுதான் அதன் வேலை. அளவு கூடினால் சேற்றை மண் கொட்டி மூடிவிடப் போவதாகப் பேச்சு. நண்டின் வளை அந்தச் சேற்றுக்குள்தான் இருந்தது.

“கொஞ்சம் அடக்கிக்கோயேன்,” என்று நண்டு சேற்றிடம் கெஞ்சியது.

“எப்படி அடக்குறது? ஊர்ச் சாக்கடை மொத்தத்தையும் என் வாயில கொட்டுறானுங்க. தின்னா ஏப்பம் வராதா?” என்றது சேறு. சொல்லும்போதே இன்னொரு குமிழி வந்தது.

நண்டு பெட்டியிடம் போனது. “அண்ணே, அந்தச் சாக்கடை வாய்க்கே போய் ஒரு தடவை அளந்து பாருங்களேன்.”

“அங்கேயா? நாறும்டா. நான் அளக்கிற இடம் இதுதான்.”

அந்த நேரம் பார்த்துக் கடல்தண்ணீர் ஏறியது. எல்லாவற்றையும் ஊர்ப் பக்கமாக, சாக்கடை வாயை நோக்கித் தள்ளியது. பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு, சேற்றில் நட்டிருந்த கம்பிலிருந்து நழுவியது. பெட்டி நண்டைப் பார்த்து அலறியது.

“டேய் தம்பி, கயித்தப் பிடிடா! கெட்டியா பிடி, விட்டுடாதே!”

நண்டு பெரிய கொடுக்கால் கயிற்றைப் பிடித்தது. சாக்கடை எந்தப் பக்கம் என்று கண்ணை நீட்டிப் பார்த்தது.

“போயிட்டு வாங்கண்ணே,” என்று டாட்டா காட்டியது, அதே கொடுக்கால்.